கோயில் மேட்டில் சொன்ன ‘பொறு’

மாலைதீவுப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான். போன டிசம்பர் விடுமுறைக்கு மலையகத்தில் என் ஊரான வட்டகொடைக்கு வந்தபோது, அதைப் புதுப்பிக்கும் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை. பெட்டியைப் பிரிக்க மனமில்லை. பக்கத்து டவுனான ஹட்டனில் கிடைத்த வேலைக்குச் சரி சொல்லவும் பயம். சிக்னலுக்காகத் தினமும் கோயில் மேட்டில் ஏறி, மெயிலைப் பார்த்துவிட்டு இறங்குவேன்.

அங்கேதான் சுமதி வந்தாள். முன்பு என்னோடு டியூஷன் வகுப்பில் படிப்பித்தவள். போனை நீட்டினாள்.

“அக்கா, ஒங்க ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சர் கேட்டிருக்காங்க. இது ஒங்க எடமா? அப்படின்னா நான் அப்ளிகேஷன் போட மாட்டேன்.”

எனக்கே தெரியாது. அதையே சொல்லியிருக்கலாம்.

“கொஞ்சம் பொறு சுமதி, கேட்டுச் சொல்றேன்” என்றேன். யாரிடமும் கேட்கவில்லை.

“சரிங்கக்கா. நீங்க சொல்லாம போட மாட்டேன்.”

எட்டாம் நாள் என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்த கடிதம் வந்தது. சுமதி காட்டிய விளம்பரம் என் இடத்துக்கல்ல, இன்னொரு டீச்சர் இடத்துக்காம். விண்ணப்பிக்கும் கடைசித் திகதி முந்தின நாளே முடிந்திருந்தது.

நான் புறப்பட்ட அன்று, பெட்டியை ரயிலில் தூக்கி வைத்தவள் சுமதிதான். “அடுத்த வருஷம் ஏதும் இருந்தா சொல்லுங்கக்கா” என்றாள்.

இந்த டிசம்பரிலும் கடிதம் வரவில்லை. தினமும் மேட்டில் ஏறுகிறேன். ஆனால் மெயிலைப் பார்ப்பதற்கு முன், சுமதி எதிரே வருகிறாளா என்றுதான் பார்க்கிறேன்.