கிரைண்டர் சுவரும் முஸ்தபாவின் ஆல்பமும்

பாட்டுக்குழுக்களுக்குப் பயிற்சி அறை வாடகைக்கு விடும் தொழிலில், வாடகைக்காரர் வரும் முன்பே பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிடுவார். என்னைப் போல் காதை அடகு வைத்துப் பிழைப்பவர்களுக்கு இது தெரிந்ததுதான். தாராவியில் என் மனைவி தைத்துக்கொண்டிருந்த அறை, அவள் போனபின் சும்மா கிடந்தது. அந்த அமைதி தாங்காமல்தான் வாடகைக்கு விட்டேன். பட்டறைகளில் கழித்த தோல் துண்டுகளை மூன்று சுவர்களில் ஒட்டினேன், சத்தம் வெளியே போகாமலிருக்க. நாலாவது சுவருக்குத் துண்டு போதவில்லை.

பாட்டு எப்போது?

நாலு பேர் வந்தார்கள். ஹார்ட்கோர் குழு என்றார்கள், ராக்கில் ஒரு முரட்டு வகையாம். ஜோதி என்ற பெண் மைக்கில் கொஞ்சம் கத்தினாள். முஸ்தபா டிரம்ஸை உதைத்தான். சட்டென்று நின்றது. மறுபடி கத்தல், மறுபடி நின்றது. மைக்கைச் சரிபார்க்கிறார்கள் என்று நினைத்துப் பொறுமையாக இருந்தேன். பிறகு, பாட்டை எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்டேன்.

ஜோதி சொன்னாள்: "அங்கிள், ரெண்டு பாட்டு ஹோ கயா, முடிஞ்சாச்சு."

நாலாவது சுவர்

அந்தச் சுவருக்கு அப்பால் செல்லம்மாள் வீடு. மாட்டுங்காவிலும் மாஹிமிலும் இட்லி விற்கப் போகிறவர்களுக்கு மாவு ஆட்டிக் கொடுப்பவர். மத்தியானம் முழுக்கப் பெரிய கிரைண்டர் ஓடும். பயிற்சியும் அதே நேரம்தான். ஒருநாள் கிட்டார் கம்பி அறுந்து பயிற்சி பாதியில் நின்றது. செல்லம்மாள் மாவுக் கையோடு வாசலில் வந்து நின்றார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"அது கெடக்கட்டும் அண்ணாச்சி. இன்னும் பாதி அரிசி ஆட்டலை, அதுக்குள்ள எதுக்கு நிறுத்தினாவ?"

அன்று முதல் குழுவுக்கு ஒரு ரசிகை.

ரசிகையின் கருத்து

செம்பூரில் ஒரு ஸ்டூடியோவில் முதல் ஆல்பம் பதிவானது. முஸ்தபாவின் வாப்பாவுக்குத் தோல் பட்டறை. ஆல்பம் தேறாவிட்டால் டிரம்ஸை விட்டுவிட்டுப் பட்டறையில் வந்து உட்கார வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஆகவே வெளியிடும் முன் செல்லம்மாளிடம் ஓடினார்கள். அவர் கையெல்லாம் மாவு. ஜோதியே இயர்போனைக் காதில் மாட்டிவிட்டாள். அவர் கடைசிவரை கேட்டார். முஸ்தபா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான் இருக்கு. யாரு இவிய?"

மறுபதிவு

செல்லம்மாளுக்குத் தங்களை அடையாளம் தெரியாமல் போன காரணத்தை, இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்து முஸ்தபாவே கண்டுபிடித்தான். என் அறையில், தன்னையறியாமல், கிரைண்டரின் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டே அடித்துவந்திருக்கிறான். ஸ்டூடியோவில் அது இல்லை, கை தளர்ந்துவிட்டது. ஆகவே என் அறையிலேயே மறுபடி பதிவு செய்தார்கள். அன்றைக்கென்று செல்லம்மாள் கூடுதலாக ஊறப்போட்டார். முடிந்ததும் புகார்தான் சொன்னார்:

"உளுந்து பொங்கி வருததுக்குள்ள முடிச்சிட்டியளே. ஆனா இதுதான் நம்ம பிள்ளைய."

வாப்பா

வாப்பா வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, முழு ஆல்பத்தையும் கேட்டார். முஸ்தபா குச்சிகளைப் பையில் போட்டுக் கட்டியே விட்டான். வாப்பா எழுந்து என்னிடம் சொன்னார்:

"அந்தப் பிள்ளை என்ன கத்துதுன்னு விளங்கல. அடுத்த ஆல்பத்துக்கு முன்னாடி அந்தக் கிரைண்டர் பெல்ட்டை மாத்தச் சொல்லுங்க, தேஞ்சிருக்கு."

மறுநாள் அவர் அனுப்பிவைத்த தோல் துண்டுகள் என் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கின்றன, ஏனென்றால் இந்தத் தொழிலில் ஒரு சுவரையாவது பக்கத்து வீட்டுக்கு விட்டுவைக்க வேண்டும்.