சந்து வாசல் சாவி

பழைய கட்டடத்தின் சாவி யார் இடுப்பில் தொங்குகிறதோ, அதன் ஒழுகல் முழுக்க அவர் தலையில்தான் விழும். ராமநாதபுரத்தில் எங்கள் மாதர் சங்கத்துச் சாவி ஒன்பது வருஷமாக என் இடுப்பில். சங்கம், மன்றம், நூலகம் என்று எதற்காவது சாவி சுமக்கும் சகோதரிகளே, உங்களிடம் புலம்பாமல் நான் வேறு யாரிடம் புலம்புவேன்?

எந்த ராஜா கட்டினார்?

கல்லூரிப் பெண் ஒருத்தி நோட்டும் கையுமாக ஆராய்ச்சிக்கு வந்தாள். கடல்பாறைச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை எந்த ராஜா கட்டினார்?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை அம்மா, எங்களுக்கு முந்திய பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, அதை விற்றுக் கட்டியது என்றேன்.

"வீட்டில் கேட்கவில்லையா?" என்றாள். கேரம் ஆடிக்கொண்டிருந்த பாண்டியம்மா மதினி தலையே தூக்கவில்லை. "உலையில ஒரு பிடி குறைஞ்சா ஆம்பளைகளுக்குத் தெரியவா போகுது?"

கதவில் ஒரு தாள்

எங்கள் கட்டடத்துக்கு முன்வாசல் கடைத்தெருவில். நேர் எதிரே டீக்கடை, அதில் எந்நேரமும் ஆண்கள் கூட்டம். இது தெரிந்துதான் கட்டியவர்கள் பக்கத்துச் சந்தில் இன்னொரு வாசலும் வைத்தார்கள். அன்று முதல் இன்றுவரை நாங்கள் சந்து வழிதான். முன்கதவுப் பூட்டு துருப்பிடித்துத் தொங்குகிறது, அதன் சாவி எங்கே போனதோ தெரியாது.

அதைப் பார்த்துவிட்டு நகராட்சிப் பொறியாளர் ஒருவர், 'பயன்பாட்டில் இல்லாத கட்டடம், இடிக்கலாம்' என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். ஆட்சேபம் இருந்தால் உறுப்பினர்கள் பதினைந்து நாளில் கையெழுத்திட்டுத் தரவேண்டுமாம். அந்த அறிவிப்பை முன்கதவிலேயே ஒட்டிவிட்டார்கள்! எங்களில் யார் அந்தப் பக்கம் போனோம்? டீக்கடைக்காரர் சாவகாசமாகச் சொன்னார்: "ஒட்டிப் பத்து நாளாச்சுக்கா, கலியாண போஸ்டர்னுல்ல நெனச்சேன்."

ஒரு கையெழுத்து போடுங்களேன்

ஐந்தே நாள். தாளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒருத்தியும் பேனாவைத் தொடவில்லை. அப்போதுதான் எனக்கே விஷயம் புரிந்தது: சங்கத்துக்குப் போகிறேன் என்று ஒருத்தியும் வீட்டில் சொல்வதில்லை! மும்தாஜ் அக்கா தங்கச்சி வீட்டுக்குப் போகிறாராம். பாண்டியம்மா மதினி மூட்டுவலிக்கு ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்கப் போகிறாராம். இருப்பதோ மகள் வீட்டில், மாப்பிள்ளையிடம் அவருக்குப் பயம்.

அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கணவர் போனபின் நான் வாய்விட்டுச் சிரித்ததே அந்தச் சுவர்களுக்குள்தான். மும்தாஜ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் மனசு கெடந்து அடிச்சுக்கிருது செல்வி, ஆனா எம்மகன் துபாயிலேர்ந்து வீடியோ கால்ல கேப்பானே, என்னன்னு சொல்ல?"

செருப்பைக் கழற்றுங்கள்

கடைசி நாள் அந்தப் பொறியாளரே மறுபடி வந்து, பூட்டைப் படம் எடுத்துக்கொண்டு நின்றார். "சார், ஒரே நிமிஷம், இங்கன வாங்க" என்று சந்துக்குள் இழுத்து வந்து கதவைத் திறந்தேன். உள்ளே பத்துப் பதினைந்து பேர். நடுவில் தரையில் சம்மணம் போட்டு, கையில் கேரம் ஸ்டிரைக்கரோடு பாண்டியம்மா மதினி.

மனிதர் முகம் வெளிறிவிட்டது. "அத்தே! கரண்ட் வைக்கப் போறேன்னு சொன்னீக?"

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மதினி ஒரு நொடி விழித்தார். பிறகு சிவப்புக் காயைக் குழியில் தள்ளிவிட்டு, கையை ஊன்றாமலே எழுந்தார். என் கையிலிருந்த தாளைப் பிடுங்கி முதல் வரியில் பெயரை எழுதினார். பின்னாலேயே மும்தாஜ் அக்கா, அப்புறம் மற்றவர்கள். கடைசியில் மதினி அந்தத் தாளை மாப்பிள்ளையிடம் நீட்டினார்: "செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க மாப்ளே, பயன்பாட்டுல இருக்கா இல்லையான்னு கண்ணால பாத்து எழுதுங்க."

இடிக்கும் பேச்சு அதோடு நின்றது. கட்டடத்துக்கு இப்போது ஒரு குறையும் இல்லை, எங்கள் ஊர் மாமியார்களுக்குத்தான் ஒருவர் பாக்கியில்லாமல் மூட்டுவலி வந்துவிட்டது.