மேற்படி விதானையார்

சண்டிலிப்பாய்க்குப் பக்கத்துக் குறிச்சி ஒன்றில் விதானையார் இருவர் இருந்தார்கள். ஒருவருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. மற்றவருக்குச் சுவர்ணா பலாவிலையும் தவிட்டுத் தண்ணீரும் கொடுத்தாள்.

முன்னவர் பஞ்சலிங்கம், கிராம அலுவலர். அரசாங்கம் அந்தப் பதவிக்கு எத்தனை பெயர் மாற்றினாலும் சனத்தின் வாயில் அது விதானையார்தான். பின்னவர் ஒரு கிடாய். ஜமுனாபாரி இனம், தொங்கு காது, வெள்ளைத் தாடி. யாராவது வேலிப் படலையைத் திறந்தால் தாடியைச் சற்று உயர்த்தி, 'என்ன விசயம்?' என்பதுபோல் பார்ப்பார். அந்தப் பார்வையால்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது என்று சிலர் சொல்வார்கள். அது பொய்.

வெளிக்கிட்டுப் போகிறவரிடம் 'எங்கே போகிறாய்?' என்று யாழ்ப்பாணத்தில் கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் உருப்படாது. தொலைவுக்கோ என்ற பொருளில் 'துலைக்கோ?' என்று கேட்க வேண்டும். அறிய விரும்புவது அதையேதான், கேட்கிற விதத்தில் மரியாதை. கிடாய் தேடிக் கத்துகிற மறி ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போகும் ஒரு பெண்ணிடம், சந்திக்கடை வாங்குப் பலகையில் குந்தியிருக்கும் ஆண்கள் இப்படிக் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? ஆட்டைக் கிடாய்க்கு விடப் போகிறேன் என்று சொல்ல வாய் வருமா? அருமைநாயகிக்கு வரவில்லை. கோயிலில் பண் பிசகாமல் தேவாரம் பாடுகிற மனுசி அவர். ஒருநாள் அந்தக் கேள்விக்கு, "விதானையாரிட்டை ஒரு அலுவல்," என்று சொல்லிவிட்டு ஆட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டார். மற்றப் பெண்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அவர்கள் சுவர்ணாவின் படலையில் நின்று, "விதானையார் நிக்கிறாரோ?" என்று கேட்பதும், "நிக்கிறார், கொண்டு வாங்கோ," என்று அவள் சொல்வதும் வழக்கமாயிற்று.

பஞ்சலிங்கத்துக்கு மட்டும் இது தெரியாது. வேறெந்த விசயத்திலும் அந்த ஊர் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை.

சுவர்ணா இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு கடுதாசிப் பிழையால்தான். ஒரு தொண்டு நிறுவனம் ஆடு கொடுத்தபோது அவள் கேட்டது பெட்டைக்குட்டி, வந்தது கிடாய்க்குட்டி. மாற்றித் தரும்படி போய்க் கேட்டாள். "பட்டியலிலை உங்களுக்குப் பெட்டை குடுத்ததெண்டுதான் கிடக்கு அக்கா. நாங்கள் ஒண்டும் செய்யேலாது," என்றார்கள். பட்டியலில் அது இன்றைக்கும் பெட்டைதான். அதற்கு முன் அவள் மிளகாய்த்தூள் இடித்து விற்றாள், சட்டை தைத்தாள், கணவரின் புகையிலைத் தோட்டத்தில் முதுகு முறிய நின்றாள். எல்லாவற்றிலும் வேலை அவளுடையதாக இருந்தது. இதில்தான் வேலையை வேறொருவர் செய்தார், அதுவும் விருப்பத்தோடு.

ஆனால் எந்த உத்தியோகத்துக்கும் ஒரு முடிவு உண்டு. கிடாய்க்கு ஏழு வயதாகிவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல், இப்போது படலைக்கு வருகிற மறிகள் பாதிக்குமேல் அவருடைய சொந்தப் பிள்ளைகள். அதே தொங்கு காது, அதே தாடி உயர்த்தல். சொந்தத்துக்குள் செய்தால் குட்டி நோஞ்சானாகும் என்பது ஊருக்கே தெரியும், ஆட்டு விசயத்தில் மட்டும் என்றாலும். இரண்டு குட்டிகள் எழும்பாமலே செத்த பிறகு, பெண்கள் மெல்ல மெல்ல மருதனார்மடம் பக்கத்தில் இன்னொரு கிடாய் தேடத் தொடங்கினார்கள். வேறு இரத்தத்தில் ஓர் இளங்கிடாய் வராவிட்டால் சுவர்ணா திரும்பவும் புகையிலைக்குள்தான்.

இளவாலையில் நீக்கிலாப்பிள்ளை என்பவரிடம் அப்படி ஒன்று நின்றது. அவள் போய்ப் பார்த்தாள். கிடாயும் அவளைப் பார்த்தது. இருவருக்கும் பிடித்துப்போயிற்று.

"நத்தார்ப் பண்டிகை வரைக்கும் பாப்பன் பிள்ளை," என்றார் நீக்கிலாப்பிள்ளை. "கனடாவிலையிருந்து மகன் குடும்பம் வருது. காசோடை வந்தியெண்டால் அவர் மாப்பிள்ளை. வராட்டில் அவர் கறி."

"ஐயோ, உந்த முகத்தைப் பாத்துக்கொண்டு கறியெண்டு சொல்லுறியளே!"

"முகத்தை ஆர் தின்னிறது?"

கிராமத்துப் பெண்களுக்கு அரசாங்கம் தொழில்கடன் கொடுக்கிறது என்று அறிந்து அவள் பிரதேச செயலகத்துக்குப் போனது இப்படித்தான். அந்தக் கந்தோரில் கடன் விண்ணப்பங்களைப் பார்ப்பவன் டிலக்ஷன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கம்பஸில் படித்து, நாலு வருடம் வேலையில்லாமல் இருந்து, பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆனவன். நல்ல பொடியன். ஆனால் விண்ணப்பத்தில் பெட்டி ஒன்று இருந்தால் அதற்குள் ஏதாவது எழுதியே ஆகவேண்டும் அவனுக்கு.

முதலாவது முட்டுக்கட்டை அவளுடைய பெயரே. அடையாள அட்டையில் சுவர்ணா, பிறப்புச் சான்றிதழில் சொர்ணம்மா. அதற்குப் பஞ்சலிங்கத்திடம் போய், 'சுவர்ணா என்பவரும் சொர்ணம்மா என்பவரும் ஒருவரே' என்று கடிதம் வாங்கி வந்தாள். பிறகு மற்றப் பெட்டிகள்.

"என்ன தொழில் அக்கா? உற்பத்தியோ, வியாபாரமோ, சேவையோ?"

"ஆட்டுக்குச் செய்யிறதை என்னெண்டு தம்பி சொல்லுறது?"

டிலக்ஷன் காது சிவக்க 'சேவை' என்று எழுதினான். "ஊழியர் எத்தினை பேர்?"

"ஒராள்."

"வயசு?"

"ஏழு."

"ஏழு எண்டு போட்டால் சிறுவர் தொழிலெண்டு பிடிப்பாங்கள் அக்கா. உந்தப் பெட்டியை விடுவம்."

எல்லாம் ஒருவாறு நிரம்பிய பிறகு, வருமானத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டான். பற்றுச்சீட்டு? சுவர்ணா சிரித்தாள். ஆட்டைக் கிடாய்க்கு விட்டுவிட்டு எந்த மனுசி பில் கேட்பாள்?

"அப்ப ஒண்டு செய்யுங்கோ. உங்கடை வாடிக்கையாளர் மூண்டு பேரிட்டைக் கடிதம் எழுதுவிச்சு, கிராம அலுவலர் உறுதிப்படுத்தி சீல் குத்தினதோடை கொண்டு வாங்கோ. பதினைஞ்சாந் திகதி விண்ணப்பம் முடியுது."

அருமைநாயகி முத்துமுத்தாகக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மற்ற இருவரும் ஆட்டின் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு அதைப் பார்த்தெழுதினார்கள். சுவர்ணா மூன்றையும் எடுத்துக்கொண்டு பஞ்சலிங்கத்தின் அலுவலகத்துக்கு ஓடினாள். அன்றைக்கு அங்கே நிவாரணப் பட்டியலில் பெயரில்லாத சனமெல்லாம் கூடி நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பஞ்சலிங்கம் ஒரு கையால் சனத்தை அமர்த்திக்கொண்டு மறு கையால் மூன்று கடிதங்களிலும் வழக்கமான வசனத்தை எழுதி, கையெழுத்து வைத்து, மேசை லாச்சியிலிருந்து சீலை எடுத்துக் குத்தினார். வாசிக்கவில்லை. சுவர்ணாவும் வாசிக்கவில்லை. அவளுக்கு அதில் வாசிக்க என்ன இருக்கிறது?

வாசித்தது டிலக்ஷன்தான். முதலில் ஒரு முறை வாசித்தான். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொரு முறை வாசித்தான்.

'எனது ஆடு கடந்த மூன்று வருடங்களாக விதானையாரிடம் சென்று வருகின்றது. ஒவ்வொரு தடவையும் சினைப்பட்டு இரட்டைக் குட்டிகள் ஈன்றுள்ளது. விதானையார் இவ்விடயத்தில் ஒருபோதும் சுணக்கம் காட்டியதில்லை. இதற்குரிய கட்டணத்தைச் சுவர்ணாவிடம் செலுத்தி வருகின்றேன்.'

அதன் கீழே பஞ்சலிங்கத்தின் கையெழுத்தில்: 'மேற்படி விபரங்கள் யாவும் உண்மையென எனது சொந்த அறிவின்படி உறுதிப்படுத்துகின்றேன்.' அதன்மேல் நீல மையில் சீல்.

டிலக்ஷன் அதைப் படம் எடுத்தது பிழைதான். ஒரேயொரு நண்பனுக்குத்தான் அனுப்பினானாம். அந்த நண்பனுக்கும் ஒரேயொரு நண்பன்தான் இருந்தான். அன்று பின்னேரத்துக்குள் அது பஞ்சலிங்கத்தின் கைத்தொலைபேசிக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவர் அவருடைய மச்சான். கீழே ஒரு வரி: 'அத்தான், இந்த வயசிலையோ?'

அடுத்த நாள் காலை சுவர்ணாவின் படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பஞ்சலிங்கம் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் இறங்கினார். வேலியோரம் கட்டியிருந்த கிடாய் தாடியை உயர்த்தி, 'என்ன விசயம்?' என்பதுபோல் பார்த்தது. பஞ்சலிங்கமும் தாடையை உயர்த்தி அதைப் பார்த்தார். இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் சுவர்ணாவுக்கே சிரிப்பு முட்டியது. சீலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள்.

"உவரோ அவர்?"

"ஓம் ஐயா."

"எத்தினை வருசமா?"

"நீங்கள் இஞ்சை மாறி வரமுன்னமே வைச்ச பேர் ஐயா. உங்களை நினைச்சு வைக்கேல்லை. பதவியை நினைச்சுத்தான்."

"நான் கையெழுத்து வைச்ச கடிதத்திலை என்ன எழுதிக் கிடக்கெண்டு தெரியுமே உமக்கு?"

"நீங்கள் வாசிச்சுத்தானே ஐயா வைச்சனீங்கள்?"

வாசிக்கவில்லை என்றால் கடமையில் பிழை. வாசித்தேன் என்றால் அதைவிடப் பிழை.

"என்ரை கையெழுத்தை நான் வாபஸ் வாங்கப் போறன்," என்றார். "உமக்குக் கடனுமில்லை, ஒண்டுமில்லை."

சுவர்ணாவுக்கு ஒரு கணம் நீக்கிலாப்பிள்ளையின் அடுப்பும் அதன்மேல் சட்டியும் தெரிந்தன. அந்தப் பயத்தில்தான் அவளுக்கு மூளை வேலை செய்தது.

"வாங்குங்கோ ஐயா. ஆனால் கடிதம் இப்ப கந்தோர்க் கோவைக்குள்ளை போயிட்டுது. கோவைக்குள்ளை போனதைத் திருப்பி எடுக்கேலாதாம், டிலக்ஷன் தம்பி சொன்னவர். நீங்கள் வாபஸ் எண்டு இன்னொரு கடிதம் குடுத்தால் அதுவும் பக்கத்திலை இருக்கும். காரணமும் எழுத வேணும். என்னெண்டு எழுதுவியள்? 'மேற்படி ஆட்டுக்கும் எனக்கும்...'"

"வாயை மூடும்!"

"மூடுறன் ஐயா. நாளைக்கு ஆரும் கணக்கு ஓடிற் பண்ண வந்து வாசிச்சால் என்ன நினைப்பினம் எண்டுதான் யோசிக்கிறன். விதானையார் எண்டால் அவையளுக்கு நீங்கள்தானே."

பஞ்சலிங்கம் தலைக்கவசத்தைக் கழற்றினார். சுவர்ணா ஒரு கதிரையைக் கொண்டுவந்து வேப்பமர நிழலில் போட்டாள். தேத்தண்ணியும் கொண்டுவந்தாள். அவர் குடித்து முடிந்ததும் மெதுவாகச் சொன்னாள்:

"எனக்குத் தந்தியளே ஒரு கடிதம். சுவர்ணாவும் சொர்ணம்மாவும் ஒருவரே எண்டு. அப்பிடி உவருக்கும் ஒண்டு தந்தால்?"

அவர் கிடாயை ஒருமுறை பார்த்தார். பிறகு பையைத் திறந்து தாளும் பேனையும் எடுத்து, தலைக்கவசத்தின்மேல் வைத்து எழுதத் தொடங்கினார். 'மேற்படி கடிதங்களில் விதானையார் எனக் குறிப்பிடப்பட்டிருப்பவரும் சுவர்ணாவின் கிடாயும் ஒருவரே' என்று எழுதிவிட்டு நிறுத்தினார். வெட்டினார்.

"என்ன ஐயா?"

"ஒருவரே எண்டால் உயர்திணை. ஆடு அஃறிணை."

"அப்ப ஒன்றே எண்டு போடுங்கோவன்."

"ஒன்றே எண்டால் விதானையார் அஃறிணை!"

இலக்கணம் இப்படி அவரை நடுச்சந்தியில் நிறுத்தும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆட்டை மனிதனாக்குவதா, பதவியை மிருகமாக்குவதா? மூன்று தாள் கிழிந்தது. (எல்லோரும் எதிர்பார்ப்பதுபோல் கிடாய் அவற்றைத் தின்னவில்லை. அதற்குப் பலாவிலை இருந்தது.) கடைசியில் நாலாவது தாளில் இப்படி எழுதி, பையிலிருந்த சீலை எடுத்துக் குத்திக் கொடுத்தார்:

'மேற்படி கடிதங்களில் விதானையார் எனக் குறிப்பிடப்பட்டிருப்பது, எனது பிரிவைச் சேர்ந்த சுவர்ணா என்பவரின் வளர்ப்புக் கிடாய் என்பதையும், அது நான் அல்ல என்பதையும் எனது சொந்த அறிவின்படி உறுதிப்படுத்துகின்றேன்.'

"ஒரு நிபந்தனை," என்றார் எழும்பும்போது. "புதுசா வாறதுக்கு வேறை பேர்."

"சத்தியமா ஐயா."

டிலக்ஷன் அந்தக் கடிதத்தைச் சிரிக்காமல் வாங்கிக் கோவையில் கோத்தான். படம் எடுக்கவில்லை. பஞ்சலிங்கம் முதல்நாளே கந்தோருக்கு வந்து அவனோடு தனியாகக் கதைத்துவிட்டுப் போயிருந்தார்.

கடன் நத்தாருக்கு முந்தின கிழமை கிடைத்தது. சுவர்ணா ஓட்டோ பிடித்து இளவாலைக்குப் போனபோது நீக்கிலாப்பிள்ளை கறிச்சரக்கு வறுத்து இடித்தே வைத்திருந்தார்.

"இனி நான் இந்தத் தூளை என்ன செய்யிறது?"

"கோழி வாங்குங்கோ அண்ணை. கோழிக்குக் கடன் வேண்டாம்."

இளங்கிடாய் ஓட்டோவுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, கட்டவுட்டில் நிற்கிற ஆள்மாதிரி ஊருக்குள் வந்தது. சுவர்ணா கொடுத்த வாக்கின்படி அதற்கு ராசன் என்று பெயர் வைத்தாள். வைத்தது வைத்ததுதான், கூப்பிட ஆளில்லை. வேலையிலிருந்து ஓய்ந்து நிழலில் படுத்துக்கிடந்த பழையவரைப் பெண்கள் 'பென்சன்காரர்' என்றார்கள். புதியவரை என்னவென்று சொன்னார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மருதனார்மடம் பக்கம் போனவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

பொங்கல் முடிந்து ஒருநாள், சுவர்ணா சந்திக்கடையில் தவிடு வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தாள். அருமைநாயகி ஒழுங்கையால் வந்தார். முன்னால் ஆடு, ஊர் கேட்கக் கத்திக்கொண்டு. எதிர்ப்பக்கத்திலிருந்து பஞ்சலிங்கத்தின் மோட்டார் சைக்கிள் வந்து வேகத்தைக் குறைத்தது. மனுசனுக்கு வாய்ப்பழக்கம்.

"என்ன அக்கா, துலைக்கோ?"

அருமைநாயகிக்கு வாய் தடுமாறிவிட்டது. இத்தனை வருடமாகச் சொல்லிவந்த பதிலை இந்த ஆளிடம் சொல்ல முடியாது, வேறு பதில் தெரியவும் தெரியாது.

"உங்களிட்டை... உங்களிட்டைத்தான் ஐயா."

வாங்கில் இருந்தவர்கள் தேத்தண்ணியை வாய்க்குள் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருந்தார்கள். சுவர்ணா கயிற்று முடிச்சைப் பார்த்தபடி நின்றாள். பஞ்சலிங்கம் ஆட்டைப் பார்த்தார், அருமைநாயகியைப் பார்த்தார், கடைசியாகச் சுவர்ணாவின் பக்கம் திரும்பித் தாடையைச் சற்று உயர்த்தினார்.

"நான் இண்டைக்கு லீவு," என்றார். "மற்றவர் நிப்பார், போங்கோ."

மோட்டார் சைக்கிள் போய்விட்டது. வாங்கில் ஒருவருக்குப் புரைக்கேறியது. சுவர்ணா தவிட்டு மூட்டையை அவசரமாக இறுக்கிக் கட்டிவிட்டு, ஆடு போய்ச் சேருமுன் படலையைத் திறக்கச் சைக்கிளை மிதித்தாள்.