ஒற்றைக் கண் என்று எழுதினேன்

அப்போது நான் ஒரு மாலைப் பத்திரிகைக்குத் துறைமுகச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். எந்தக் கப்பல் வந்தது, எது போனது, எதில் என்ன சரக்கு என்பதுதான் வேலை. சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

பினாங்குக் கப்பல் புறப்படும் நாட்களில் பயணிகள் கொட்டகை வாசலில் ஒரு அம்மாள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ராயபுரத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்களை ஏமாற்றிக் கப்பலேற்றுவதைத் தடுக்க ஏற்பட்ட ஒரு சங்கத்தின் செயலாளர். சங்கம் என்றால் நாலைந்து பெண்கள், வாடகை வீட்டில் ஒரு விடுதி, துறைமுகத்தார் கொடுத்த ஓர் அனுமதிச் சீட்டு. யாரையும் பிடித்து நிறுத்த அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான்.

அக்கரையில் வேலை பார்ப்பவனின் மனைவி என்றால் சுலபமாகப் போய்விடலாம். ஆகவே தரகர்கள் பெண்களின் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டியே அழைத்து வந்தார்கள். நர்ஸம்மா ஊர், பெயர், கல்யாணம் நடந்த இடம் எதையும் விசாரிக்க மாட்டார். அதெல்லாம் சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டி வந்திருப்பார்கள். பெண்ணைத் தனியே அழைத்து, "உன் வூட்டுக்காரரு கொறட்டை வுடுவாரா?" என்பார்.

நிஜ மனைவிகள் சிரிப்பார்கள். "அத்த ஏன் கேக்கற நர்ஸம்மா, ரயிலு எஞ்சினு தோத்துப்பூடும்" என்று ஒருத்தி சொன்னது நினைவிருக்கிறது. மற்றவர்கள் பதில் சொல்லுமுன் தரகன் நிற்கும் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

அன்று ஒரு பெண் அப்படித் திரும்பிப் பார்த்தாள். பதினேழு வயது இருக்கும். திருவொற்றியூருக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்துக்காரி. பினாங்கில் ஆயா வேலை என்று நம்பி, வீட்டுக்குச் சொல்லாமல் கிளம்பி வந்திருந்தாள். கூட்டி வந்தவன் போலீஸ் வருமுன் கூட்டத்தில் நழுவிவிட்டான். அவளை விடுதிக்கு அழைத்துப் போனார்கள்.

பெண்ணைத் தடுத்து நிறுத்துவது பாதி வேலை. ஊருக்குத் தெரியாமல் வீடு சேர்ப்பது மீதி என்பார் நர்ஸம்மா. அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். அன்றைக்கே குப்பத்துக்குப் போய்ப் பெற்றோரிடம் மட்டும் உண்மையைச் சொல்வார். மற்றவர்களுக்கு, விஷ சுரம், நான்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன் என்பார். ஒரு வாரம் கழித்துப் பெண் இளைத்துப்போய்த் திரும்பினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அந்தக் கரையில் பாதிப் பேர் அவர் கையில் மருந்து வாங்கிக் குடித்தவர்கள்.

இந்தப் பெண்ணுக்கும் அப்படியே சொல்லியிருந்தார். எனக்கு அது தெரியாது. விடுதியில் அவளிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டுச் செய்தி எழுதினேன். பெயர் போடவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. குப்பத்தின் பெயரையும் விட்டுவிட்டேன். 'ஒற்றைக் கண் கட்டுமரக்காரரின் மூத்த மகள்' என்று எழுதினேன். அது இல்லாவிட்டால் செய்தி சப்பென்று இருக்கும் என்று தோன்றியது. ஆபீசில் யாரும் அதை அடிக்கவில்லை.

ஏழாம் நாள் நர்ஸம்மா அவளை அழைத்துக்கொண்டு புறப்பட்டபோது, வீடு சேர்வதையும் எழுதலாம் என்று நானும் கூடப் போனேன். என் செய்தியை அவர் பார்த்திருக்கவில்லை.

கரையேற்றி வைத்த கட்டுமரத்தின் மேல் அவள் தகப்பனார் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்க்கவில்லை.

"காச்சல் வுட்டுப்போச்சு. இட்டாந்துட்டேன்" என்றார் நர்ஸம்மா, பக்கத்தில் நின்றவர்கள் காதில் விழும்படி.

"எந்தக் காச்சலு, நர்ஸம்மா? டீக்கடையில பேப்பரு படிச்சாங்கோ. 'இன்னா ஒத்தக்கண்ணு, உம் பொண்ணு காச்சலுக்குக் கப்பல்லயா வைத்தியம்'னு கேக்கறானுங்கோ. இந்தக் கரையில ஒத்தக்கண்ணு நான் ஒர்த்தன்தான கீறேன்."

நர்ஸம்மா என் பக்கம் திரும்பினார்.

"பேர் போடலம்மா" என்றேன்.

"பேரு போட்டிருந்தா எவனுக்கும் தெர்ஞ்சிருக்காது சார்" என்றார் நர்ஸம்மா. குரலில் கோபம் இல்லை. "இவ பேருல இந்தக் குப்பத்துல பத்துப் பொண்ணு கீது."

அவருடைய சின்ன மகளுக்குத் தை மாதம் பரிசம் போடுவதாக இருந்தது. மாப்பிள்ளை வீடு காசிமேடு. பெரியவள் இந்த வீட்டில் இருந்தால் வரமாட்டோம் என்று முந்தின நாள் ஆள் அனுப்பிவிட்டார்களாம்.

"கப்பல்ல நான் காலே வைக்கல நைனா" என்றாள் அந்தப் பெண்.

"தெரியும்மே. எனக்குத் தெரிஞ்சி இன்னா பண்றது?"

நர்ஸம்மா விடவில்லை. காசிமேட்டுக்குத் தானே போய்ப் பேசுவதாகச் சொன்னார். ஊர்ப் பெரியவர்களைப் பார்ப்பதாகச் சொன்னார். அந்த மனிதர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு குடிசைக்குள்ளிருந்து தாயார் ஒரு துணிமூட்டையோடு வந்தாள். மகள் கை நீட்டினாள். தாயார் மூட்டையை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தட்டியைச் சாத்திக்கொண்டாள். மூட்டை முன்பே கட்டித் தயாராக இருந்திருக்கிறது.

மூவரும் நடந்து நெடுஞ்சாலைக்கு வந்தோம். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. எண்ணூர்ப் பக்கமிருந்து வரவேண்டிய பஸ் வரவில்லை. வெயிலில் ஒரு மைல்கல்லின் மேல் உட்கார்ந்து அந்தப் பெண் மூட்டையைப் பிரித்தாள். இரண்டு பாவாடை, ஒரு தாவணி, சீப்பு, சிறு வயதில் போட்டிருந்த ஒரு கவுன். அடியில் கரிபிடித்த கந்தல் ஒன்று இருந்தது. அதை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள்.

"இது என் பழைய பாவாட. கிழிஞ்சப்பறம் சோத்துப்பானை எறக்க வச்சிக்கினு இருந்துச்சி எங்கம்மா" என்றாள். "இத்தக்கூட குட்த்துட்சி, நர்ஸம்மா."

நர்ஸம்மா அதை வாங்கி, நான்காக மடித்து, மற்ற துணிகளோடு வைத்து மூட்டையைக் கட்டினார். பஸ் வர இன்னும் நேரமிருந்தது.