வண்டி எங்கே என்றொரு பக்கம்

அக்காவின் கைப்பேசித் திரையில் மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரைக்கும் ஒரு விரிசல் ஓடும். அதன்மேல் செல்லோ டேப் ஒட்டியிருப்பார். டேப்பின் ஓரத்தில் அழுக்கு சேர்ந்து கறுத்திருக்கும். புதிதாக ஒன்று வாங்கலாமே என்று நான் சொல்லும்போதெல்லாம் ஒரே பதில்தான் வரும்: “இதுல தெரிஞ்சா எல்லாருக்கும் தெரியுமுங்க சாமி.” திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் கம்பெனி ஒன்றுக்கு நான் இணையதளம் செய்துகொண்டிருந்த காலம் அது; அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவரைத்தான் அக்கா என்று கூப்பிடுவேன். என் மடிக்கணினியில் மிடுக்காக நின்ற வண்டி அட்டவணை அந்த விரிசல் திரையில் பாதி வெட்டுப்பட்டு, ஊர்ப்பெயர்கள் வெளியே போய், வண்டி எண்கள் மட்டும் வரிசையாக நின்றன. எனக்குக் கோபம் வந்தது. நான் எழுதியதன் மேல் அல்ல, அக்காவின் போன் மேல்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மலையடிவாரத்துக் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் பெரிதாக இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். கம்பெனிக்கு எட்டு வண்டிகள். வண்டி என்றால் துளை போடும் இயந்திரம் ஏற்றிய ரிக் லாரி. பொங்கல் முடிந்ததும் அவை கர்நாடகத்துக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் கிளம்பிவிடும். மழை பிடித்த பிறகுதான் ஊர் திரும்பும். அதுவரை வண்டியில் போன ஆட்களுக்கு வீடு, சமையல், படுக்கை எல்லாம் போன போன காட்டில்தான். அலுவலகத்தில் இருந்துகொண்டு, தினமும் காலையில் எட்டு வண்டிகளிலிருந்தும் வரும் போனைக் கேட்டு, இன்றைக்கு எந்த வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்று வெள்ளைப் பலகையில் எழுதுவது அக்காவின் வேலை. எழுதி முடித்த கையோடு அடுத்த வேலை ஆரம்பமாகும். ஆட்களின் வீட்டிலிருந்து பெண்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். காட்டுக்குள் போனவரின் போன் கிடைக்காது, அலுவலகத்து போன்தான் கிடைக்கும். அத்தனை பேருக்கும் அக்கா ஊர்ப்பெயரைச் சொல்லி, சாப்பாடு நன்றாகக் கிடைக்கிறதாம் என்று கூடவே ஒன்றைச் சேர்த்துக்கொள்வார். அந்தச் சாப்பாட்டுச் செய்தி உண்மைதானா என்று ஒருநாள் கேட்டேன். “பசியோட வேலை செய்ய முடியுமுங்களா? எப்படியும் சாப்ட்டுத்தான இருப்பாங்க” என்றார்.

அக்காவின் கணவரும் நாலாம் வண்டியில் துளை போடும் டிரில்லர். கல்யாணமான முதல் வருடம் அவர் வேறொரு கம்பெனியில் இருந்தபோது, பதினோரு நாள் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லையாம். அந்தக் கம்பெனிக்கு போன் செய்தால், எடுத்தவர் தெரியாது என்று சொல்லி வைத்துவிடுவாராம். மதியச் சாப்பாட்டின்போது, கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்கியபடியே இதைச் சொன்னார். “ஆளு நல்லாத்தான் இருந்தாருங்க. வண்டி ஊரு மாத்திப் போயிருச்சு, அவ்வளவுதான். ஆனா அந்தப் பதினோரு நாளும் நான் சோறு தின்னேனா இல்லையான்னு எனக்கே தெரியாதுங்க.” அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

கம்பெனி ஓனருக்கு வேண்டியிருந்தது வாடிக்கையாளர்கள் பார்த்து மயங்கும்படி வண்டிப் படங்கள் நிறைந்த ஒரு தளம். அக்கா கேட்டது ஒரே ஒரு பக்கம். அதற்கு அவரே பெயரும் வைத்திருந்தார்: “வண்டி எங்கே.” காலையில் பலகையில் எழுதுவதை அதில் போட்டால், வீட்டுப் பெண்கள் எந்நேரமும் பார்த்துக்கொள்ளலாம், வெட்கப்பட்டுக்கொண்டு போன் செய்யாமல் இருப்பவர்களும் பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. ஓனர் முகத்தைச் சுளித்தார். “நம்ம வண்டி எங்க நிக்குதுன்னு ஊருக்கெல்லாம் எதுக்கும்மா சொல்லணும்?” என்றார். கடைசியில், சித்திரை முடியும்வரை பார்க்கலாம், நன்றாக வரவில்லை என்றால் மொத்தத்தையும் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றிடம் கொடுத்துவிடுவேன் என்று இறங்கி வந்தார். அந்தக் கம்பெனிக்காரர்கள் காட்டிய மாதிரியில் அக்காவின் பக்கத்துக்கு இடமே இல்லை.

டேட்டாபேஸ் போன்ற தொந்தரவுகள் இல்லாத வழி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். சாதாரண எழுத்துக் கோப்பில் விஷயத்தை எழுதிவைத்து ஒரு கட்டளை கொடுத்தால், ஒரு மென்பொருள் அதையெல்லாம் முழுப் பக்கங்களாகச் செய்து கையில் தந்துவிடும். பக்கங்களின் தோற்றத்துக்குத் தீம் என்று தனியாக ஒன்று உண்டு. எங்கோ இருக்கும் யாரோ ஒருவர் தன் புகைப்படங்களுக்காகச் செய்து இலவசமாக விட்டிருந்த தீமை இறக்கிக்கொண்டேன். பெரிய திரையில் விரிந்தும் சின்னத் திரையில் ஒடுங்கியும் தானே நிற்கும் என்று போட்டிருந்தார்கள். நின்றதுதான், ஆனால் ஆங்கிலத்துக்கு. தமிழில் கி, தீ எல்லாம் தலை வெட்டுப்பட்டு நின்றன. கு, ழு எல்லாம் அடுத்த வரியில் போய் இடித்துக்கொண்டன.

வாரத்தில் மூன்று நாள்தான் நான் அங்கே போவேன். மற்ற நாட்களில் அக்கா சும்மா இருக்கவில்லை. நான் காட்டித் தந்த ஒன்றிரண்டு இடங்களைப் பிடித்துக்கொண்டு, எண்களை மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் தன் போனில் பார்த்தார். வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டால் தமிழ் மூச்சு விடும் என்று அவர்தான் கண்டுபிடித்தார். ஆட்டையாம்பட்டியில் கொஞ்ச காலம் விசைத்தறியில் நின்றவர் என்பதால், கோப்பில் ஒரு இடைவெளி தள்ளிப்போனாலும் மொத்தத் தளமும் நின்றுவிடும் என்று நான் சொன்னபோது அவர் பயப்படவே இல்லை. நூல் அறுந்தால் தறி நிற்பது அவருக்குப் பழகிய விஷயம், எங்கே அறுந்தது என்று பொறுமையாகத் தேடுவார். போனில் மெனுவுக்கு அடையாளமாக வரும் மூன்று கோடுகளைப் பார்த்துத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். “ஏனுங்க சாமி, இதென்ன நெத்தியில பட்டை போட்டாப்பல? எங்க ஆளுக இதைப் பாத்தா கும்புட்டுப்போட்டுப் போயிருவாங்க, யாரும் அமுக்க மாட்டாங்க.” அந்த வாரமே கோடுகளைத் தூக்கிவிட்டு, வண்டிப் பக்கத்தை நேராக முன்னால் கொண்டுவந்து வைத்தார். அட்டவணையை உடைத்து, வண்டிக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் பெரிய எழுத்தில் ஊர்ப்பெயர், அதற்குக் கீழே காலையில் பேசியது யார் என்று ஆக்கினார். மூன்று மாதத்தில் அந்தத் தீம் அதைச் செய்தவருக்கே அடையாளம் தெரியாதபடி மாறிவிட்டது.

ஒரு விஷயத்தை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். தீமின் கோப்புறைக்குள் கை வைக்கக் கூடாது, நம் மாற்றங்களை வெளியே தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. அக்கா எல்லாவற்றையும் தீமின் கோப்புறைக்குள்ளேயேதான் எழுதினார். அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று சோம்பேறித்தனமாக விட்டுவைத்தேன்.

சித்திரை முடியப்போகும் சமயம், கோயம்புத்தூர்க்காரர்கள் சாயங்காலம் வருகிறார்கள் என்று ஓனர் சொல்லியிருந்த நாள். அந்தத் தீமின் புதிய பதிப்பு வந்திருந்தது, இன்னும் வேகம், இன்னும் பளபளப்பு. ஓனரை அசத்திவிடலாம் என்று காலை எட்டு மணிக்கே போய், பழைய கோப்புறையை அழித்துவிட்டுப் புதியதை வைத்து, தளத்தை வெளியிட்டும் விட்டேன். முகப்பைத் திறந்து பார்த்தேன். படங்கள் ஜம்மென்று வந்தன. மற்ற எதையும் பார்க்காமல் டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது ஓனர் வந்திருந்தார். அக்காவின் பஸ் இன்னும் வரவில்லை. போன் அடித்தது. அடித்து ஓய்ந்து மறுபடியும் அடிக்கவே, அந்த அலுவலகத்து போனை ஒருநாளும் தொடாத ஓனர் தானே எடுத்தார். ஒரு பெண் குரல் எனக்கே கேட்கும் அளவுக்குப் பதறியது. “ஏனுங்க, ஆறாம் வண்டியக் காணோமுங்களே! என்னாச்சுங்க?” ஓனர், வண்டி கவிழ்ந்துவிட்டது என்றே நினைத்துவிட்டார். போனில்தான் காணோம் என்று புரிந்ததும், “வண்டிக்கு ஒண்ணும் ஆகலைம்மா” என்றார். “அப்ப எங்கீங்க நிக்குது?” என்றாள் அந்தப் பெண். ஓனர் பலகையைப் பார்த்தார். அதில் முந்தைய நாள் எழுதியதுதான் இருந்தது. “தெரியலைம்மா” என்று சொன்னார். சொன்ன வார்த்தை அவருக்கே பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வைத்த அடுத்த நொடி மறுபடியும் அடித்தது. அக்கா வந்து சேர்வதற்குள் ஏழு பேருக்கு அவர் அதே பதிலைச் சொல்லும்படி ஆனது.

நான் அதற்குள் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தேன். “வண்டி எங்கே” என்ற தலைப்பு இருந்தது. கீழே வெறும் வெள்ளை. அக்காவின் கட்டங்கள், அவர் எண்ணி எண்ணி வைத்த இடைவெளிகள், எல்லாம் நான் அழித்த கோப்புறையோடு போய்விட்டன. பிரதி என்று ஒன்றும் எடுத்துவைக்கவில்லை. உள்ளே வந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். பையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்தார். “எல்லாமே போச்சுங்களா?” என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் தேற்றவில்லை. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுச் செஞ்சிருக்கலாமுங்க” என்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

பிறகு எழுந்துபோய் எட்டு வண்டிகளுக்கும் பேசினார். ஊர்களைப் பலகையில் எழுதினார். கூப்பிட்ட ஏழு பேரையும் தானே திருப்பிக் கூப்பிட்டுச் சொன்னார். அதை முடிக்கும்வரை கணினிப் பக்கம் திரும்பவே இல்லை. ஏழாவதாகப் பேசியது ஓமலூரில் இருக்கும் ஒரு டிரில்லரின் மனைவி. அவள் வீட்டில் சிக்னல் கிடைக்காதாம், தகவல் தெரியாமல் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தாள். தினமும் பஸ் ஸ்டாப்பில் நின்று அந்தப் பக்கத்தைப் போனிலேயே படமாக எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் மாமியாருக்குப் படித்துக் காட்டுவாளாம். “நேத்து வரைக்கும் எடுத்தது எல்லாமே இருக்குதுங்கக்கா. அழிக்கவே மனசு வல்லீங்க” என்றாள். அக்கா உடனே, “அத அப்படியே எனக்கு அனுப்புறயா கண்ணு” என்றார்.

நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் வந்து விழுந்தன. பக்கம் ஆரம்பத்தில் எப்படிக் கோணலாக இருந்தது, ஒவ்வொரு வாரமும் அக்கா எதையெல்லாம் நிமிர்த்தினார் என்பது வரைக்கும் அதில் இருந்தது. நடந்தது என்ன என்று நான் ஓனருக்கு விளக்கியபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏம்மா, கேசிங் பைப்பு இறக்காமயா போர் போட்டீங்க? மண்ணு சரியாம என்ன பண்ணும்?” என்றார். தீமுக்கு வெளியே தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கிக் கொடுத்தேன். அன்று நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான். அக்கா கடைசிப் படத்தைத் திரையோரத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து எழுதினார். வரிகளுக்கு நடுவே விடவேண்டிய அளவு அவருக்கு மனப்பாடமாக இருந்தது. முன்பு மூன்று மாதம் பிடித்தது, இப்போது மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டதோடு முடிந்தது. மூன்று மணிக்குள் எட்டுக் கட்டங்களும் நின்றன.

சாயங்காலம் வந்த கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஓனர் டீ வரவழைத்துக் கொடுத்தார். அவர்கள் மடிக்கணினியைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். “சிரமப்பட வேண்டாமுங்க. எங்க ஆபீஸ்லயே ஆளு இருக்குது.” அக்கா அந்தப் பக்கம் திரும்பாமல் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த பலகை. எனக்கு மறுபடியும் அழுகை வந்தது, இந்தமுறை காரணம் வேறு. அன்று காலையே அழுதுவிட்டதால், மன்னிப்பு என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

இப்போது நான் சேலத்தில் சொந்தமாகத் தொழில் செய்கிறேன். எந்த வாடிக்கையாளருக்கு எதை மாற்றினாலும் முதலில் பிரதி எடுப்பேன், பிறகு அவர்களிடம் சொல்வேன், அதற்குப் பிறகுதான் கை வைப்பேன். என்னிடம் வேலை பார்ப்பவர்கள் இதற்காக என்னைக் கிண்டல் செய்கிறார்கள். போன வாரம் அக்கா கூப்பிட்டார். அந்தத் தீமைச் செய்தவர் இனிமேல் அதைப் பார்த்துக்கொள்ளப் போவதில்லை என்று அறிவித்துவிட்டாராம். நான் என்ன செய்யலாம் என்று யோசிக்க ஆரம்பிப்பதற்குள் அவர் தொடர்ந்தார். “வேற ஒண்ணு நானே பாத்து எடுத்து வெச்சிருக்கேனுங்க. நம்முளுது எல்லாம் தனியாத்தான கெடக்குது, அப்படியே உக்காந்துக்கும். பழசுக்கு ஒரு காப்பியும் எடுத்துட்டேன். நாளைக்குக் காலையில மாத்தறேனுங்க.”

“நான் வந்து பாக்கட்டுங்களா அக்கா?” என்றேன்.

“வேண்டாமுங்க சாமி. உங்ககிட்டக் கேக்கறதுக்குக் கூப்பிடலீங்க. சொல்லிப்போட்டுச் செய்யலாமுன்னுதான் கூப்பிட்டேன்.”

இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. “அன்னிக்கு நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை அக்கா. தப்புங்க.”

அந்தப் பக்கம் யாரோ கூப்பிட, அக்கா “இரு வாரேன்” என்று அவர்களுக்குச் சொல்வது கேட்டது. பிறகு போனில், “எப்படியோ சொல்லிட்டீங்கல்ல” என்றார். “நாளைக்குப் பத்து மணிக்கு மேல தொறந்து பாத்துப்போட்டு, உங்க போன்லயும் சரியா நிக்குதான்னு சொல்லுங்க.”

மறுநாள் பத்து மணிக்குத் திறந்து பார்த்தேன். வண்டிகள் இப்போது பதினொன்று. ஒவ்வொன்றும் அதனதன் ஊரில் நின்றது.