பிரசன்ட் மிஸ்

பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் ரிட்டயர் ஆகி, லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த காலையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பழைய பேப்பர்காரருக்கென்று வாசலில் ஒரு சாக்கு நிறையப் புத்தகம் வைத்திருந்தார்கள். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து, ஒன்றை உருவிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். லாரி கிளம்பியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அந்தச் சுரங்க டவுன்ஷிப்பில் யாருக்கும் வீடு சொந்தமில்லை. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். காலி செய்கிறவர்கள் பிள்ளைகளின் புத்தகங்களைத்தான் முதலில் கழிக்கிறார்கள். அதையெல்லாம் சேர்த்து எங்கள் முன்னறையில் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பறை வைத்தால் என்ன? அன்று சாயங்காலமே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பிவிட்டேன்.

புத்தகம் வந்தது. பிள்ளைகள் வரவில்லை. போர்டு எழுதி மாட்டினேன், மிட்டாய் வாங்கி வைத்தேன். எங்கள் தெருவில் பிள்ளைகளே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. பாதி வீடு பூட்டு. மீதியில் ரிட்டயர்மென்டுக்குக் காத்திருக்கும் ஜோடிகள். கான்ட்ராக்ட்காரர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது. என் கணவரும் கான்ட்ராக்ட்தான். என் அப்பா பர்மனென்ட் என்பதால் அவரோடு இருந்தோம்.

அதனால் அவள் மட்டும் படித்தாள். சோறு ஊட்டும்போதும் பக்கத்தைப் புரட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. காய்கறிக் கடையில்கூடச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒருநாள் அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும், சத்தம் போடாமல் வந்து பேத்தியைப் பாருங்கள் என்று கூப்பிட்டேன். புத்தகங்களைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் முதல் பக்கத்தையும் திறந்து, அதில் எந்தக் குழந்தையோ எழுதி வைத்திருந்த பேரை வாசித்தாள். உடனே குரலை மாற்றி, "பிரசன்ட் மிஸ்" என்று தானே சொன்னாள். அடுத்த பேருக்கு வேறு குரல். நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளில் பலருடைய அப்பாக்கள் அவரோடு சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள்.

"ஒருத்தரும் இப்ப ஊர்ல இல்லியேம்மா," என்றார்.

படிக்கிற பிள்ளை, படிக்கிற பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். விளையாட ஆளில்லாமல்தான் அவள் அப்படி உட்கார்ந்திருந்தாளோ என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

போன மாதம் அப்பாவும் ரிட்டயர் ஆனார். எங்கள் வரிசை வீடுகள் பழசாகிவிட்டதாம், இனி யாருக்கும் ஒதுக்கமாட்டார்களாம். மூட்டை கட்டும்போது மகள் ஒரு புத்தகத்தில் தன் பேரை எழுதி ஜன்னல் திட்டில் வைத்தாள். மறந்துவிடப் போகிறாய், எடுத்து வை என்றேன்.

"இங்கயே இருக்கட்டும்மா. அடுத்து வர்ற பாப்பா என் பேரக் கூப்பிடணும்ல?"

சரி என்று தலையாட்டினேன். அவள் வண்டியில் ஏறிய பிறகு அதை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

டவுன்ஷிப்புக்கு வெளியே, மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் நாலு பேர் படுக்கவே இடம் போதவில்லை. புத்தக மூட்டைகள் மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன. வீட்டுக்காரம்மா, கூட்டம் சேர்க்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மகள் இங்கே வந்ததிலிருந்து ஒரு புத்தகத்தையும் தொடவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டால், "எதுக்கு?" என்கிறாள்.

தெருமுனை மாவு மில்லில் பிள்ளைகள் டப்பாவோடு காத்திருப்பதைப் பார்த்தேன். அங்கே ஒரு பெஞ்ச் இருக்கிறது. அதில் புத்தகம் வைக்கலாமா என்று மில் நடத்தும் பாயிடம் கேட்டேன்.

"வச்சிக்கமா. மாவு பறந்துகினேதான் இருக்கும். அப்புறம் என்னக் கேக்காத," என்றார்.

எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெஞ்சில் பத்துப் புத்தகம் வைக்கப்போகிறேன். ஜன்னல் திட்டிலிருந்து எடுத்து வந்ததுதான் மேலே இருக்கும். மகளையும் கோதுமை டப்பாவோடு கூட்டிப் போவேன். இது எப்படி இங்கே வந்தது என்று கேட்பாள். அந்த வீட்டுக்கு இனி எந்தப் பாப்பாவும் வராது, அதனால்தான் எடுத்து வந்தேன் என்று சொல்லிவிடுவேன். அதற்குள் யாராவது ஒரு பிள்ளை முதல் பக்கத்தைத் திறந்து, எழுத்துக்கூட்டியாவது அவள் பேரை வாசித்துவிட வேண்டும்.