அளவுக்குக் கொடுத்த கோட்டு

சுயம்புராஜ் கப்பலில் என்ன வேலை பார்த்தார் என்று ஊரில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கேப்டனுக்கு அடுத்த இடம் என்பார் ஒருவர், வெறும் சமையல்காரன் என்பார் அவரைப் பிடிக்காத இன்னொருவர். இரண்டும் இல்லை. பணக்காரர்கள் உலகம் சுற்றும் சொகுசுக் கப்பலில், நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பெரிய கூடத்தின் வாசலில் நின்று, வருகிறவர்களின் உடையைப் பார்ப்பதுதான் அவர் வேலை. கோட்டும் டையும் போட்டு வந்தவரைத் தலைகுனிந்து உள்ளே விடவேண்டும். அரை டவுசரோடு வந்தவரை முகம் கோணாமல் திருப்பி அனுப்பவேண்டும். எச்சில் தட்டு எடுத்து, தண்ணீர் ஊற்றி, கால் வீங்க ஓடிய பிறகுதான் அந்த வாசல் அவருக்குக் கிடைத்தது. கிடைத்த பிறகு ஓய்வு பெறும்வரை விடவில்லை.

மண்டைக்காட்டுக்கும் குளச்சலுக்கும் நடுவில், கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் அவர் வீடு. அய்யாவழிக் குடும்பம். வழிபாட்டு இடமான நிழல்தாங்கலுக்குப் போனால் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத் தலையில் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டித்தான் கும்பிட வேண்டும். ஏன் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முட்டுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, தலையில் துணி ஏறக் கூடாது, பெண்கள் மாரை மூடக் கூடாது என்று சாதியின் பேரில் மனிதனுக்கு மனிதன் சட்டம் போட்டு, மீறியவர்களை அடித்துத் துவைத்த மண் இது. கட்டாதே என்று சொன்னதை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டவர்களின் வழிவந்தவர்தான் சுயம்புராஜ்.

அந்தத் தலைப்பாகையைப் போலத்தான் அவர் கோட்டையும் நினைத்தார். கோட்டுப் போட்டு, டை கட்டி, ஷூ பளபளக்க நிற்பவனை நீ யார், எந்த ஊர், யார் வீட்டுப் பையன் என்று எவனும் கேட்பதில்லை என்பது அவருடைய கட்சி. வெள்ளைக்காரக் கோடீஸ்வரனைக்கூட, "மன்னிக்கணும் ஐயா, அறைக்குப் போய் மாற்றிக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அவனும் போய் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான். இதைவிட என்ன சமத்துவம் வேண்டும் என்று லீவில் வரும்போதெல்லாம் கேட்பார். கேட்கிறவர்கள் அவர் வாங்கிவந்த சாக்லேட்டைச் சப்பிக்கொண்டு தலையாட்டுவார்கள்.

லீவில் வந்தால் வீட்டுக்கும் சட்டம்தான். மனைவி அன்னக்கிளி நைட்டி போட்டு, தோளில் ஒரு தோர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கேட்டுவரைக்கும் மீன்வாங்கப் போனால் அவருக்குப் பொறுக்காது. ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் இவர் வீட்டில் மட்டும் மீன்காரி கூப்பிட்டால் அவள் ஓடிப்போய்ச் சேலை சுற்ற வேண்டும். சுற்றி முடித்து வருவதற்குள் நல்ல சாளை மீனெல்லாம் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும். அன்னக்கிளி அதற்கும் ஒன்றும் சொன்னதில்லை. மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்ததும், அடக்கம் பண்ணியதும், மகள் ஆதிராவைப் படிக்கவைத்ததும் அவள்தான். அதெல்லாம் நடக்கும்போது இவர் ஏதோ ஒரு கடலில், ஏதோ ஒரு வாசலில், எவனுடைய காற்சட்டை நீளத்தையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு தடவை புறப்படும்போதும் அவளிடம் ஒரே வார்த்தையைச் சொல்லுவார்.

"ஏட்டி, ஒரு நாள் நீயும் அந்த வாசல் வழியா உள்ள வருவ. நானே நாற்காலிய இழுத்துப் போட்டு உன்ன இருத்துவேன், பாத்துக்கோ."

அவள் அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் இருந்தாள் என்று நான் சொன்னால் அது கதைக்குச் சொல்வதாக இருக்கும். ஆனால் அவள் அதை மறக்கவில்லை. அது உண்மை.

ஓய்வு பெற்று வந்தபிறகு சுயம்புராஜுக்குப் பொழுது போகவில்லை. கப்பல் பயணிகள் கூடி வம்பளக்கும் ஃபேஸ்புக் குழு ஒன்றில் சேர்ந்தார். அங்கே எந்நேரமும் ஒரே சண்டை. காசு கொடுத்து ஓய்வெடுக்க வந்த இடத்தில் கழுத்தை நெரித்துக்கொண்டு சாப்பிட வேண்டுமா என்று ஒரு கூட்டம். நான் நகை போட்டு, கவுன் போட்டு வந்து உட்கார, பக்கத்து நாற்காலியில் ஒருவன் முட்டி தெரிய உட்கார்ந்தால் எனக்கு எப்படிச் சோறு இறங்கும் என்று இன்னொரு கூட்டம். கிழியாத ஜீன்ஸ் என்றால் பரவாயில்லை என்று நடுவில் நிற்கும் சமாதானப் புறாக்கள் சிலர். சுயம்புராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆங்கிலத்தில் நீளமாக எழுதினார். உடை ஒழுங்கு போனால் கப்பலுக்கும் கட்டைவண்டிக்கும் வித்தியாசம் இல்லை என்பது அதன் சாரம். ஒரு அம்மாள் கீழே கேட்டாள்: "நீங்கள் இதுவரை எத்தனை முறை பயணம் செய்திருக்கிறீர்கள்?"

அவர் போனை அணைத்து வைத்துவிட்டார். வாழ்க்கையின் பாதியைக் கப்பலில் கழித்தவர், பயணம் என்று ஒன்று போனதில்லை.

ஆதிராவுக்கு இந்த விஷயம் எப்படியோ தெரியவந்தது. அவளும் கணவன் சிவபிரசாத்தும் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஓணத்துக்கு அவனோடு வந்தவள், சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பலில் நாலுபேருக்கும் இடம் பதிந்திருப்பதாகச் சொன்னாள். அப்பா வேலை பார்த்த அதே கம்பெனிக் கப்பல். அன்னக்கிளி அடுக்களையிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்து, "உள்ளதா மக்ளே, நெசந்தானா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த சந்தோஷத்தைச் சுயம்புராஜ் கவனிக்கவில்லை. அவர் அதற்குள் ஃபார்மல் நைட்டுக்குப் போய்விட்டார். அதாவது, எல்லாரும் முழு அலங்காரத்தோடு சாப்பிட வரவேண்டிய அந்த ஒரு சாயங்காலத்துக்கு.

"பிரசாத்துக்கு கோட்டு இருக்கா?"

"கல்யாணத்துக்கு தச்சது இருக்கு மாமா. அதெல்லாம் தூக்கிட்டு வர மாட்டேன். இப்ப யாரும் பாக்கதில்ல. ஒரு டீசர்ட்டு, ஒரு ஷார்ட்ஸ். லீவுக்குத்தானே போறோம்?"

"நான் நிக்க வாசலா இருந்தா உன்ன உள்ள விட மாட்டேன்."

"நீங்க இப்ப நிக்கலியே மாமா" என்று சிரித்தான் சிவபிரசாத்.

சுயம்புராஜுக்குச் சுருக்கென்றது. தலைப்பாகைக் கதையை எடுத்தார். நம்ம பாட்டன்மார் தலையில் துண்டு கட்டுவதற்காக அடி வாங்கினார்கள், உடுப்பு என்பது மரியாதையாக்கும், அந்த மரியாதையைத்தான் நான் கோட்டாகப் போட்டேன் என்றார்.

சிவபிரசாத் கெட்ட பையன் இல்லை. ஆனால் வாயை அடக்கத் தெரியாது. "மாமா, அவங்க கட்டினது கட்டாதேன்னு சொன்னத. நீங்க போட்டது போடுன்னு சொன்னத. ரெண்டும் எப்படி ஒண்ணாவும்?"

வாதத்தில் மாட்டிக்கொண்ட மாமனார்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போனார். யாருடைய பக்கம் நியாயம் என்று அன்னக்கிளியிடம் ஒருவரும் கேட்கவில்லை. சட்டத்தின்படி உடுத்தி வாழ்ந்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

மறுநாளே குழித்துறைக்கு பஸ் ஏறினார். அங்கே சத்தியராஜ் தையல்கடையில் நல்ல கறுப்புத் துணியை மேசையில் வைத்தார். சத்தியராஜ் டேப்பை எடுத்தான்.

"அளவு எடுக்கட்டா அண்ணாச்சி?"

"வேண்டாம் மக்கா. இத வச்சுக்கோ. இதுமாதிரியே இருக்கணும்."

பையிலிருந்து பழைய கோட்டை எடுத்துக் கொடுத்தார். நம் ஊரில் தையல்காரனிடம் உடம்பைக் காட்டி அளவு கொடுக்கிறவர்கள் யார்? ஜாக்கெட்டுக்கு ஜாக்கெட், சட்டைக்குச் சட்டை என்று உடம்புக்குச் சரியாக இருக்கும் பழையதைக் கொடுத்து, இதே மாதிரி என்று சொல்லிவிட்டு வருவதுதானே வழக்கம்? சுயம்புராஜுக்குச் சரியாக இருந்த கோட்டு ஒன்றே ஒன்றுதான். வாசலில் நிற்கும்போது கம்பெனி கொடுத்தது.

சத்தியராஜ் கைசுத்தமான தையல்காரன். கழுத்தின் மடிப்பு, பொத்தானின் இடம், உள்ளே பேனா செருகும் ஒடுங்கிய பை எல்லாம் அச்சு அசலாகத் தைத்துக் கொடுத்தான். அன்னக்கிளி இரண்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தாள்.

"இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?"

"அது அவன் தந்தது. இது நான் தச்சது" என்றார் சுயம்புராஜ். அவருக்கு அது பெரிய வித்தியாசமாகத்தான் இருந்தது.

கப்பலில் ஃபார்மல் நைட் அன்று அவர் உடுத்திய அழகைச் சொல்ல வேண்டும். ஷூவைத் தானே தேய்த்தார். வில் டையைக் கண்ணாடி பார்க்காமலே கட்டினார். அன்னக்கிளி அரக்குப் பட்டு உடுத்தி, கொண்டையில் பூ இல்லாத குறையோடு நின்றாள். கப்பலில் பூவுக்கு எங்கே போவது? இருவரும் அகலமான படிகளில் இறங்கி வந்தபோது, அந்த மனிதருக்குக் கண் கலங்கியே விட்டது. நானும் அவரை அந்த நேரத்தில் கேலி செய்யமாட்டேன்.

வாசலில் அவருடைய இடத்தில் ஒரு இளம்பெண் நின்றாள். சிவபிரசாத் முன்னால் போனான். டீசர்ட்டு, முட்டி தெரியும் ஷார்ட்ஸ், காலில் செருப்பு. அவள் பல் தெரியச் சிரித்து, நல்வரவு சொல்லி, உள்ளே கைகாட்டினாள். சுயம்புராஜ் அங்கேயே நின்றுவிட்டார்.

"இன்றைக்கு ஃபார்மல் நைட் இல்லையா?" என்று அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் சார். அந்த விதியை எடுத்து ரொம்ப நாள் ஆகிவிட்டது."

உள்ளே பார்த்தார். பூப்போட்ட சட்டைகள், தொப்பிகள், கைகளை மறைக்காத பனியன்கள். கோட்டு இல்லாமல் இல்லை. மேசைக்கு மேசை கறுப்புக் கோட்டு தெரிந்தது. ஆனால் அவை எல்லாம் தட்டு ஏந்திக்கொண்டிருந்தன.

"வாங்க அப்பா, பின்னால ஆளு நிக்காங்க" என்றாள் ஆதிரா.

அவர்களுக்கு ஒதுக்கிய மேசைக்கு வந்தார்கள். சுயம்புராஜ் தன்னைத் திடப்படுத்திக்கொண்டார். விதி போனால் போகிறது, வாக்கு இருக்கிறதே? அன்னக்கிளியின் நாற்காலியை இரண்டு கையாலும் இழுத்தார். அவள் சேலையை ஒதுக்கி உட்காரும்வரை காத்து, மெல்ல முன்னால் தள்ளினார். எத்தனையோ பேருக்குச் செய்ததுதான். இந்த ஒரு தடவைக்காகத்தான் அத்தனையும் செய்ததாக அவருக்குத் தோன்றியது.

அப்படி அவர் நாற்காலிக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும்போதுதான், பக்கத்து மேசையிலிருந்து ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள், பேச்சை நிறுத்தாமல், முகத்தையும் திருப்பாமல், காலிக் கண்ணாடித் தம்ளரை அவர் பக்கமாக நீட்டினாள்.

அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்லலாம். அவர் கை நம்மைக் கேட்கவில்லை. தன் மேசையில் இருந்த ஜக்கை எடுத்தது. இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. தம்ளரின் முக்கால்வரை, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். அந்த அம்மாள் "தேங்க்யூ" என்றாள், எதிரில் இருந்தவரைப் பார்த்துக்கொண்டே.

"அப்பா! என்ன காரியம் செய்யுதிய?" என்று ஆதிரா பாதி எழுந்தாள்.

சிவபிரசாத் அதற்குள் பக்கத்து மேசைக்குப் போய்விட்டான். இவர் என் மாமனார், பயணி, இங்கே வேலை செய்கிறவர் இல்லை என்று சொன்னான். அந்த அம்மாள் பதறிப்போனாள். நல்ல அம்மாள்தான். எழுந்து வந்து சுயம்புராஜின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தயவுசெய்து மன்னித்துவிடுங்கள். நீங்கள் அவ்வளவு ஒழுங்காக உடுத்தியிருந்தீர்கள், அதனால்தான்..."

பரவாயில்லை மேடம் என்று அவர் தலைகுனிந்தார். அந்தக் குனிவும் பழைய குனிவுதான்.

"இருங்க மாமா" என்று அவருடைய நாற்காலியைக் காட்டினான் சிவபிரசாத். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது சுயம்புராஜ் கோபப்பட்டிருக்கலாம்.

அன்னக்கிளி கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். மேலே தொங்கும் விளக்குகள், கறுப்புக் கோட்டுகள், டவுசர்கள், தொப்பிகள், தூரத்தில் அந்த வாசல். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"இந்த வாசல்ல நிக்கவாக்கும் எங்கள விட்டுட்டு வந்திய?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவர் குனிந்து அவள் முன்னால் இருந்த முள்கரண்டியை நேராக்கி வைத்தார். அவள் தன் தம்ளரை எடுத்து அவர் பக்கமாக நீட்டினாள்.

"ஊருல உள்ளவனுக்கெல்லாம் ஊத்தினியல்லா. எனக்கும் கொஞ்சம் வெள்ளம் ஊத்துங்க. ஒருக்ககூட ஊத்தினதில்ல."

அவர் ஊற்றினார். இடது கை பின்னால் போகவில்லை, இரண்டு கையாலும் ஜக்கைப் பிடித்திருந்தார். அப்படியும் தண்ணீர் தம்ளரின் விளிம்பில் தட்டி, மேசை விரிப்பிலும் அரக்குப் பட்டிலும் கொட்டியது. அன்னக்கிளி முந்தானையால் மடியைத் துடைத்துவிட்டு, தம்ளரில் விழுந்ததை மட்டும் குடித்தாள். அவர் உட்காரவில்லை. கறுப்புக் கோட்டுப் போட்ட பையன் ஒருவன் சாப்பாடு கொண்டுவந்தான், வழியில் நின்ற சுயம்புராஜை வேலைக்காரர்கள் தங்களுக்குள் சொல்வதுபோல் "கொஞ்சம் தள்ளு அண்ணா" என்று இந்தியில் சொன்னான், அவரும் தள்ளி நின்றார்.